"இந்த மின்னஞ்சலைப் புறக்கணிக்கவும்" – இந்த இடத்தில் 'புறக்கணி' சரியா?

கணிநிரல்
ஒரு செயலிக்குத் தமிழ் வரிகள் எழுதிக்கொண்டிருக்கிறேன். கடவுச்சொல்லை மாற்றக் கேட்டால் போகும் மின்னஞ்சலின் கடைசி வரி இது: "இந்தக் கோரிக்கையை நீங்கள் அனுப்பவில்லை என்றால் இந்த மின்னஞ்சலைப் புறக்கணிக்கவும்." கிட்டத்தட்ட எல்லா நிறுவனங்களும் இப்படித்தான் எழுதுகின்றன. சரிபார்ப்பவர் இதன்மேல் சிவப்புக் கோடு போட்டு, "தேர்தல் புறக்கணிப்புக்கு அழைப்பது மாதிரி இருக்கிறது" என்று எழுதிவிட்டார். வேறு சொல்லும் தரவில்லை.

அலட்சியம் செய், உதாசீனப்படுத்து, பொருட்படுத்தாதே, கண்டுகொள்ளாதே, சட்டை செய்யாதே என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக உறுத்துகிறது. எல்லாமே ஒரே பொருள்தானே, பிறகு ஏன் ஒன்று இருக்கும் இடத்தில் மற்றொன்று உட்கார மாட்டேன் என்கிறது?

வேலியோரம்
சரிபார்ப்பவர் வேலை காட்டியிருக்கிறார், அவ்வளவுதான். படிக்கிற எல்லோருக்கும் புரிகிறது. பத்து வருடமாக எல்லா மின்னஞ்சலிலும் இருக்கிற சொல்லை இப்போது மாற்றினால்தான் குழப்பம். அப்படியே விடுங்கள்.

மெய்ப்பு
புரிகிறது என்பது உண்மை. ஆனால் சிவப்புக் கோடு போட்டவர் காதில் ஏதோ விழுந்திருக்கிறது, அதையும் தள்ளிவிட முடியாது. இரண்டு வாக்கியங்களைச் சொல்லிப் பாருங்கள்.

"அவசரத்தில் உங்கள் கடிதத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன்."
"அவசரத்தில் உங்கள் கடிதத்தைப் புறக்கணித்துவிட்டேன்."

முதலாவதை யாரும் சொல்வார்கள். இரண்டாவதை யாராவது சொன்னால், தமிழ் சரியாகப் பழகாதவர் என்று நினைப்போம். புறக்கணிப்பு தெரியாமல் நடக்காது. அதற்கு ஒரு முடிவு வேண்டும். கண்ணில் பட்டிருக்க வேண்டும், யாருடையது என்று தெரிந்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். கூடவே, திருப்பிக்கொண்டது எதிராளிக்கும் உறைக்க வேண்டும். கல்யாணத்துக்குப் போக முடியவில்லை என்றால் அது வராமல் போனது. போகக் கூடாது என்று வீட்டில் உட்கார்ந்திருந்தால்தான் அது புறக்கணிப்பு. இரண்டிலும் பந்தியில் ஓர் இலை குறைகிறது. ஆனால் பேச்சு வருவது இரண்டாவதால்தான்.

தானாக வந்து விழும் ஒரு மின்னஞ்சலோடு யாருக்கும் அப்படி ஒரு பகையோ வழக்கோ இல்லை. அதனால்தான் அந்தச் சொல் அங்கே கொஞ்சம் விறைப்பாக நிற்கிறது. தவறு என்று சொல்ல மாட்டேன், விறைப்பு.

'அலட்சியம்' இன்னும் மோசம். அது செய்கிறவரைக் குறை சொல்லும் சொல். "அலட்சியம் செய்யவும்" என்று யாருக்கும் அறிவுரை சொல்ல முடியாது.

பூனைக்குட்டி
"தயவுசெய்து எங்களை உதாசீனப்படுத்தவும்" என்று முடித்துவிடுங்கள். மனதில் நிற்கும்.

சுவடி
மெய்ப்பு சொன்னதற்குச் சொல்லின் உள்ளேயே சான்று இருக்கிறது. புறம் + கணி. கணி என்றால் எண்ணு, அளந்து மதிப்பிடு. கணியன், கணக்கு, கணிப்பு, இப்போது கணினி என்று எல்லாம் அந்த வேர்ப்பக்கம்தான். புறத்தே வைத்துக் கணித்தால் புறக்கணிப்பு. ஒன்றை எண்ணிக்கைக்கு வெளியே வைக்க வேண்டும் என்றால் முதலில் அதை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும் அல்லவா? கண்ணிலேயே படாததை வெளியே வைக்க வழியில்லை.

புறம் என்பதற்கு முதுகு என்றும் பொருள் உண்டு. புறங்காட்டி ஓடினான், புறங்கூறினான் என்பவற்றில் இருப்பது அதுதான். புறக்கணிப்பிலும் அந்த முதுகு கொஞ்சம் தெரிகிறது.

ஒற்று
சுவடி ஐயா, அப்படியென்றால் ஏன் 'புறங்கணி' இல்லை? புறங்கூறு, புறங்காட்டு, புறங்கை என்று மெல்லினம் வருகிறதே. புறக்கணியில் மட்டும் வல்லினம் ஏன்? புறம் + கண் என்பதிலிருந்து வந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு. கண்ணைப் புறத்தே திருப்புவது. பாராமுகம் என்பதோடு அது நன்றாகவே பொருந்துகிறது.

சுவடி
வல்லினம் வருவது விதிக்கு வெளியே இல்லை. மகர ஈற்றுக்கு நன்னூல் இரண்டு வழியும் விட்டிருக்கிறது: "மவ்வீறு ஒற்றழிந்து உயிரீறு ஒப்பவும் வன்மைக்கு இனமாத் திரிபவும் ஆகும்." மகரம் கெட்டு வல்லினம் மிகுந்தால் புறக்கடை, புறக்கண், புறக்கணி. மகரம் இனமாகத் திரிந்தால் புறங்கை, புறங்கூறு. எந்தச் சொல் எந்த வழியில் போனது என்பதை வழக்குதான் முடிவு செய்திருக்கிறது.

கண் என்ற பக்கம் எனக்கு ஒரு தடங்கல். கண்ணோடு இகரம் சேர்ந்தால் ணகரம் இரட்டிக்க வேண்டும். கண்ணி, கண்ணில், கண்ணை. புறக்கண்ணை என்றுதானே சொல்கிறோம். 'புறக்கண்ணி' என்றொரு வினை இல்லையே.

ஒற்று
வேற்றுமை உருபு சேர்வதும் பெயரிலிருந்து வினை பிறப்பதும் ஒரே விதிக்குள் அடங்கும் என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் கணி என்பதே எளிதான வழி. இதை இங்கே நீட்டினால் கேள்வி கேட்டவர் ஓடிவிடுவார்.

ஒன்று மட்டும். 'புரக்கணி' என்று சின்ன ர போட்டு எழுதுவதை அடிக்கடி பார்க்கிறேன். புரத்தல் என்றால் காத்தல். புரவலர் அங்கிருந்து வந்தவர்தான். பெரிய ற ஒன்றை மாற்றினால் கைவிடுகிற சொல்லின் தலையில் காப்பாற்றுகிற சொல் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

நெய்தல்
இலங்கைத் தமிழில் இந்தப் பாரத்தில் பாதியை வேறொரு சொல் சுமக்கிறது. எங்கள் செய்தித்தாள்களில் பணிப்பகிஷ்கரிப்பு, வகுப்புப் பகிஷ்கரிப்பு என்றுதான் தலைப்பு வரும். எங்களுக்குப் பகிஷ்கரிப்பு என்றால் கூட்டாகச் செய்வது, அறிவித்துவிட்டுச் செய்வது. அதனால் புறக்கணிப்பு கொஞ்சம் இளைப்பாறுகிறது. ஒரு ஆள் இன்னொரு ஆளைக் கவனியாமல் விடுவதற்கும் அது வரும். உங்கள் மின்னஞ்சல் வரி என் காதில் அவ்வளவு விறைப்பாக விழவில்லை. தமிழ்நாட்டில் வேலைநிறுத்தம் என்று சொல்கிற இடத்தில்கூட எங்களுக்குப் பகிஷ்கரிப்பு வந்துவிடும்.

'முகங்கொடு' என்பதும் இரண்டு கரையிலும் மாறுகிறது. நாங்கள் "நெருக்கடிக்கு முகங்கொடுத்தார்கள்" என்றால் எதிர்கொண்டார்கள் என்று பொருள். உங்கள் பக்கம் "முகங்கொடுத்தே பேசவில்லை" என்றால் மதிக்கவில்லை என்று பொருள், இல்லையா?

மெய்ப்பு
ஆமாம். இங்கே அது பெரும்பாலும் எதிர்மறையில்தான் வரும். "அவர் நன்றாக முகங்கொடுத்துப் பேசினார்" என்று கேட்பது அபூர்வம்.

பகிஷ்காரம் இங்கேயும் ஒரு காலத்தில் கோலோச்சிய சொல்தான். 1928இல் சைமன் குழு வந்தபோது நடந்ததைப் பகிஷ்காரம் என்றுதான் அந்தக் காலத்தவர் எழுதினார்கள். அந்நியத் துணிக்கும் அதே சொல். தனித்தமிழ்க் காற்று வீசிய பிறகு அந்த நாற்காலியில் புறக்கணிப்பு வந்து அமர்ந்தது. வடமொழியில் பகிஸ் என்றாலும் வெளி, புறம் என்றுதான் பொருள். ஆக, சொல் மாறினாலும் படம் மாறவில்லை. ஆனால் பகிஷ்காரத்தில் ஒருவரை வெளியே தள்ளுகிற வாடை உண்டு. சாதியிலிருந்து பகிஷ்கரித்தார்கள் என்றால் ஊர்விலக்கம். புறக்கணிப்பில் தள்ளுவது இல்லை, நாம் விலகி நிற்கிறோம்.

ஆங்கிலத்தில் இதே வேலையைச் செய்கிற பாய்காட் என்ற சொல் ஒரு மனிதரின் பெயர். அயர்லாந்தின் மாயோ மாவட்டத்தில் ஒரு பிரபுவின் நிலங்களைப் பார்த்துக்கொண்டிருந்த சார்லஸ் பாய்காட். 1880இல் குத்தகைப் பிரச்சினையில் குடியானவர்கள் அவரோடு எந்தப் புழக்கமும் வைத்துக்கொள்ளவில்லை. அறுவடைக்கு ஆள் வரவில்லை, கடையில் சாமான் தரவில்லை. அவரை யாரும் அடிக்கவில்லை. தமிழில் அதைச் சொல்ல 'புறக்கணித்தார்கள்' என்பதைத் தவிர வேறு சொல் வருகிறதா பாருங்கள். அலட்சியப்படுத்தினார்கள் என்றால் கதையே கெட்டுவிடும். அதேபோல 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா புறக்கணித்தது என்று எழுதலாம், பொருட்படுத்தவில்லை என்று எழுத முடியாது. பொருட்படுத்தியதால்தானே போகாமல் இருந்தார்கள்!

கணிநிரல்
இந்தக் கடைசி வரி எனக்கு நிறைய விளக்கிவிட்டது. பொருட்படுத்தாதே என்றால் 'இது பெரிய விஷயம் இல்லை' என்று பொருள். புறக்கணி என்றால் 'இது பெரிய விஷயம், அதனால் விலகி நில்'. சரியா?

மெய்ப்பு
சரி. "காயத்தைப் பொருட்படுத்தாமல் ஆடினார்" என்றால் பாராட்டு. "காயத்தை அலட்சியப்படுத்தி ஆடினார்" என்றால் அடுத்த வரியில் மருத்துவர் திட்டப்போகிறார். "காயத்தைப் புறக்கணித்து ஆடினார்" என்றால் காயத்தோடு அவருக்கு ஏதோ மனத்தாங்கல் இருந்தது போலிருக்கிறது. ஒரே ஆள், ஒரே காயம், ஒரே ஆட்டம்தான்.

தாழ்வாரம்
நான் கவனித்த ஒன்று. இந்தக் குடும்பத்தில் பாதிச் சொற்களுக்கு நேர்முக வடிவமே சரியாக இல்லை. "அவன் என்னைச் சட்டை செய்யவில்லை" என்கிறோம். "நேற்று என்னைச் சட்டை செய்தான்" என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? சொன்னால் தையற்காரர் கதை ஏதோ சொல்கிறார் என்று நினைப்போம். லட்சியம் பண்ணவில்லை, ஏறெடுத்தும் பார்க்கவில்லை, காதில் போட்டுக்கொள்ளவில்லை, ஒரு பொருட்டாக மதிக்கவில்லை, எல்லாமே 'இல்லை'யில் முடிகின்றன. அம்மாவிடம் "காதில் போட்டுக்கொண்டேன்" என்று பதில் சொல்லிப் பாருங்கள், அடி நிச்சயம்.

பேச்சில் ஒருவரைக் கவனிக்காமல் விடுவது ஒரு செயலாகவே வராது. நடக்க வேண்டியது நடக்கவில்லை என்றுதான் சொல்கிறோம். பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை, கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. புறக்கணி ஒன்றுதான் முழுச் செயலாக, நிமிர்ந்து நிற்கிறது. அதனால்தானோ என்னவோ அது பேச்சில் குறைவு, மேடையிலும் தலைப்பிலும் அதிகம். வீட்டுக்குள் "என்னைப் புறக்கணிக்கிறாய்" என்று ஒருவர் சொன்னால் சண்டை முற்றிவிட்டது என்று அர்த்தம். அதுவரைக்கும் "என்னைக் கண்டுக்கவே மாட்டேங்கிற"தான்.

பூனைக்குட்டி
கண்டுகொள்ளுக்கு நேர்முகம் இருக்கிறதே! "கொஞ்சம் கண்டுக்குங்க சார்." கோப்பு நகர வேண்டிய இடத்தில் இதைக் கேட்காதவர்கள் கை தூக்குங்கள்.

தாழ்வாரம்
ஹாஹா, அது தனி இலாகா. கண்டுகொள்ளாமல் விட்டால் கோப்பு கிடப்பில். கண்டுகொண்டால் மேசைக்கு மேசை நடக்கும். 'கிடப்பில் போடு' என்பதையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். நிராகரிக்கவில்லை, ஏற்கவுமில்லை, முகத்தைக்கூடத் திருப்பவில்லை. அது பாட்டுக்குக் கிடக்கட்டும் என்று விட்டுவிடுவது. அலுவலகங்கள் கண்டுபிடித்த தனிப்பெரும் வினை.

சுவடி
திருமங்கையாழ்வார் "நான் கண்டுகொண்டேன் நாராயணா என்னும் நாமம்" என்றது தேடிக் கிடைத்ததன் மகிழ்ச்சியில். அந்தச் சொல் கோப்பு மேசை வரைக்கும் இறங்கி வந்திருக்கிறது. பாவம்.

வேறு சில சொற்களும் இப்படித் தடம் மாறியவைதான். உதாசீனம் என்பது வடமொழியில் விலகி உட்கார்ந்திருத்தல், எந்தப் பக்கமும் சாயாமல் இருத்தல். கீதையின் 12ஆம் அத்தியாயத்தில் அது பக்தனின் நற்குணங்களில் ஒன்று. தமிழுக்கு வந்ததும் அது மனத்தைப் புண்படுத்துகிற குணமாகிவிட்டது. இகழ்ச்சி எதிர்த்திசையில் போனது. இன்று இகழ்ச்சி என்றால் ஏளனம். "இகழ்ச்சியின் கெட்டாரை உள்ளுக" என்று வள்ளுவர் சொல்லும் இடம் பொச்சாவாமை அதிகாரம். அங்கே அது மெத்தனம், மறதி. மகிழ்ச்சியில் மிதக்கும்போது, முன்பு இப்படி அசட்டையாக இருந்து கெட்டவர்களை நினைத்துக்கொள் என்கிறார். இன்றைய பொருளை வைத்துப் படித்தால் யாரையோ ஏளனம் செய்து கெட்டுப்போனவர்கள் என்று தோன்றும். பொச்சாப்பு என்ற நல்ல சொல்லோ வழக்கிலிருந்தே போய்விட்டது.

கவனிக்காததுபோல் நடிப்பதற்கும் அவரிடம் ஒரு சொல் இருக்கிறது. "ஏதிலார் போலப் பொதுநோக்கு நோக்குதல் காதலார் கண்ணே உள." அந்தப் பொதுநோக்கு எனக்குப் பிடித்த சொல். ஊரார் எல்லோரையும் பார்ப்பது போலவே அவளையும் பார்ப்பது. பார்க்காமல் இருந்தால் பிடிபட்டுவிடுவார்கள், அதனால் பார்க்கிறார்கள். இதைப் புறக்கணிப்பு என்று சொல்ல மனம் வருமா?

தாழ்வாரம்
கண்டும் காணாமல் என்பது அதற்குக் கிட்டே வரும். ஆனால் அதில் காதலைவிடச் சலுகைதான் அதிகம். "பையன் தாமதமாக வந்தான், வாத்தியார் கண்டும் காணாமல் விட்டுவிட்டார்."

வேலியோரம்
எல்லாம் சரி, ஆனால் மெய்ப்பு சொன்ன 'தெரிந்தே செய்வது' என்பதில் எனக்கு ஒரு கேள்வி. "பல ஆண்டுகளாகப் புறக்கணிக்கப்பட்ட பகுதி" என்று நாளிதழில் படிக்கிறோம். அங்கே யார் உட்கார்ந்து முடிவெடுத்தார்கள்? சாலை போடாமல் மறந்துபோனார்கள், அவ்வளவுதான். புறக்கணிக்கப்பட்ட கலைஞர், புறக்கணிக்கப்பட்ட நோய் என்றெல்லாம் எழுதுகிறார்களே. இவற்றில் பகை எங்கே, முடிவு எங்கே?

மெய்ப்பு
நல்ல கேள்வி. என் பதில் கொஞ்சம் சுற்றிப் போகும்.

அந்த வாக்கியத்தை யார் சொல்கிறார்கள் என்று பாருங்கள். அந்தப் பகுதிக்காரர் சொல்கிறார், அல்லது அவர் சார்பில் எழுதுகிறவர் சொல்கிறார். "மறந்துவிட்டார்கள்" என்று சொன்னால் அதிகாரிக்கு ஒரு சாக்குக் கிடைத்துவிடும். 'புறக்கணிக்கப்பட்ட' என்று சொன்னால் உனக்குத் தெரியும், தெரிந்தும் செய்யவில்லை என்ற குற்றச்சாட்டு உள்ளே வந்துவிடுகிறது. அதனால் அந்த இடத்திலும் சொல்லின் பொருள் தேய்ந்துவிடவில்லை. அதன் முழு வேகத்தோடுதான் வேலை செய்கிறது. அதே சாலையைப் பற்றி அதிகாரி அறிக்கை எழுதினால் 'புறக்கணிக்கப்பட்ட' என்று எழுத மாட்டார். "போதிய கவனம் செலுத்தப்படாத" என்று எழுதுவார். ஒரே குண்டும் குழியும்தான்.

செயப்பாட்டு வினைக்கு இன்னொரு வசதியும் உண்டு. செய்தவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. 'யாரால்' என்று கேட்டால் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள்.

வேலியோரம்
நோய்க்கு இது பொருந்தாது. நோயின் சார்பில் யார் குற்றம் சாட்டுவது?

மெய்ப்பு
நோயாளி.

ஒற்று
காவல்துறைத் தமிழையும் பார்த்துவிடுவோம். விபத்து வழக்கு எதுவானாலும் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" என்ற ஜோடி வந்துவிடும். அலட்சியம்கூட இல்லை, அஜாக்கிரதை. ஜாக்கிரதை என்றால் விழிப்பு. விழிப்பில்லாமல் ஓட்டினான் என்கிறார்கள். தெரிந்தே செய்தான் என்று சொல்ல ஆரம்பித்தால் வழக்கின் பிரிவே மாறிவிடும் அல்லவா? அங்கே போய் யாரும் 'சாலை விதிகளைப் புறக்கணித்து' என்று எழுதுவதில்லை.

நெய்தல்
கேள்விக்குத் திரும்புவோமா? கணிநிரலுக்கு இன்னும் ஒரு வரி கிடைக்கவில்லை.

தாழ்வாரம்
என் யோசனை: வினையையே மாற்றிவிடுங்கள். அந்த மின்னஞ்சலைப் படிக்கிறவருக்கு வேண்டியது மின்னஞ்சலை என்ன செய்வது என்பதல்ல. யாரோ கணக்கில் கை வைத்துவிட்டார்களோ என்ற பயம் போக வேண்டும். "இந்தக் கோரிக்கையை நீங்கள் அனுப்பவில்லை என்றால், எதுவும் செய்ய வேண்டியதில்லை. உங்கள் கடவுச்சொல் மாறாது." எதிரில் உட்கார்ந்திருக்கிற ஆளிடம் இப்படித்தானே சொல்வோம். "புறக்கணியுங்கள்" என்றா சொல்வோம்?

மெய்ப்பு
இதுதான் சரி. இடம் போதாவிட்டால் "இதை விட்டுவிடலாம்" என்பதும் போதும். 'விடு' என்கிற சின்ன வினை எவ்வளவோ தாங்கும்.

கணிநிரல்
தாழ்வாரத்தின் வரியை அப்படியே போட்டு அனுப்பினேன். சரிபார்ப்பவர் பச்சைக்கொடி காட்டிவிட்டார். எல்லோருக்கும் நன்றி.

ஆனால் அடுத்தது வந்து நிற்கிறது. எழுத்துப்பிழை பார்க்கிற பெட்டியில் இரண்டு பொத்தான்கள். இப்போதைக்கு 'புறக்கணி' என்றும் 'அனைத்தையும் புறக்கணி' என்றும் இருக்கின்றன. பொத்தானில் "எதுவும் செய்ய வேண்டியதில்லை" என்று எழுத இடமில்லை. 'தவிர்' என்று போட்டால் அந்தச் சொல்லையே எடுத்துவிடும் என்று பயப்படுகிறார்கள்.

வேலியோரம்
இதில் புறக்கணியே இருக்கட்டும். பிழை என்று மென்பொருள் சொல்கிறது, நான் பார்த்தேன், தெரிந்தே தள்ளுகிறேன். மெய்ப்பு போட்ட எல்லா நிபந்தனையும் இங்கே பொருந்துகிறதே.

மெய்ப்பு
பொருந்துகிறது, மறுக்க வழியில்லை. உறைக்க வேண்டும் என்ற ஒன்றுதான் இடிக்கிறது. மென்பொருளுக்கு உறைக்கவா போகிறது?

ஒற்று
என் பெயரை ஒவ்வொரு முறையும் சிவப்பில் அடிக்கோடிடுகிறது. உறைக்கட்டும்.

தாழ்வாரம்
'இங்கு விடு', 'எங்கும் விடு'. இரண்டும் பொத்தானுக்குள் அடங்கும். பயனர்களிடம் காட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.